முருங்கையிலைக்குப் பதில் கேல்

தங்கச்சி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம், காலையில் பாணும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனால் வயிறு கனத்து நித்திரை வருகிறது, இலைவகை போட்டு லேசாக ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

செய்யலாம். ஆனால் முட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு முட்டையில் 140 கலோரி அளவுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 இருக்கிறது. நாங்களோ போத்தலோடு சரிக்கிற ஆட்கள். இனித் தேக்கரண்டியால் அளந்து விடுங்கள்.

அப்புறம், வீட்டில் அம்மா செய்கிற முருங்கையிலை முட்டை வறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வறைதான், இலை மட்டும் கேல் (kale) என்கிற, தடித்த இலையுள்ள இங்கத்தைய கீரை. முதல்முறை எனக்கு அது ஆட்டுக்குப் போடுகிற குழை மாதிரித்தான் இருந்தது. தண்டோடு வெட்டிப் போட்டது என் பிழை. நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, இலையைச் சுருட்டி வல்லாரைச் சம்பலுக்கு அரிவதுபோலப் பொடியாக அரிய வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள் வதங்கியதும் இரண்டு கை நிறையக் கேல், உப்பு, இரண்டு கரண்டி தண்ணீர் போட்டு மூடுங்கள். இலை அடங்கித் தண்ணீர் வற்றியபின் இரண்டு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி, ஈரம் முழுக்கப் போகமுன் அடுப்பை நிறுத்துங்கள். இங்கத்தைய மின்னடுப்பு நிறுத்தினாலும் உடனே ஆறாது, மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பூ. பாண் ஒரு துண்டு போதும்.

அவசரமென்றால் பேபி ஸ்பினச், அதாவது இளம் பசளிக்கீரை. 142 கிராம் பெட்டியைக் கொட்டினால் தாச்சி கொள்ளாது, ஒரு நிமிடத்தில் ஒரு பிடியாகிவிடும். அது விடும் தண்ணீரை வடித்துவிட்டு முட்டையை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சொதசொதவென்று வரும். உறைந்த ஸ்பினச் என்றால் கையால் நன்றாகப் பிழிய வேண்டும்.

முருங்கையிலையேதான் வேண்டுமென்றால் பிலிப்பினோ கடைகளின் உறைபெட்டியில் பாருங்கள். மலுங்கை என்பார்கள், எங்கள் முருங்கைதான்.

பேஸ்மென்ற்றில், வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில், இருப்பதாகச் சொன்னீர்கள். செத்தல் மிளகாய் தாளிக்கிற எண்ணம் இருந்தால் முதலில் விசிறியைப் போடுங்கள். நான் ஒருநாள் விடிய ஐந்து மணிக்கு மிளகாயைக் கருக்கி, புகை அலாரம் அலற, மேலே இருந்த வீட்டுக்காரர் சாரத்தைப் பிடித்தபடி படியால் ஓடி வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளிப்பு சனி, ஞாயிறில் மட்டும்தான்.