பாதுகாப்புச் செயலி இருந்தால் போதுமா?

பொது இடங்களில் பெண்களின் பாதுகாப்புக்குத் தொழில்நுட்பம் உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் பதற்றத்தில் ஒரு செயலியைத் தேடித் திறக்கக் கை வராது. அதனால் போனிலேயே இருக்கும் வசதியைத்தான் முதலில் சொல்வேன்.

ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் பவர் பட்டனை 5 முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். ஐபோன் 8 முதல் வந்த மாடல்களில் பக்கவாட்டு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். செட்டிங்ஸில் நம்பிக்கையான இரண்டு மூன்று பேரின் எண்களை அவசரத் தொடர்புகளாக இன்றே சேர்த்துவிடுங்கள். அவர்களிடமும் சொல்லி வையுங்கள். போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்குபவரின் எண் இருந்து என்ன பயன்? இன்னொன்று, கட்டடங்களுக்குள்ளும் சுரங்கப்பாதையிலும் இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் தடுமாறும்; நீங்கள் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டலாம். பேச முடிந்தால் கண்ணில் படும் பெயர்ப்பலகையை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஆபத்து வருவதற்கு முன்பே இடத்தைச் சரிசெய்வது. 2013-இல் தொடங்கிய சேஃப்டிபின் என்ற செயலி, ஓர் இடத்தில் வெளிச்சம் எப்படி, நடைபாதை உண்டா, பெண்கள் நடமாடுகிறார்களா என்றெல்லாம் மதிப்பிட்டு வரைபடமாக்குகிறது. எங்கே விளக்கு வேண்டும், பேருந்து நிறுத்தம் எங்கே இருக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் முடிவெடுக்க இந்தத் தரவு கைகொடுக்கும். கண்காணிப்புக் கேமராக்களோ பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகு சாட்சியாகத்தான் பயன்படுகின்றன.

இருப்பிடத்தை யாருக்காவது பகிர்ந்தால், பயணம் முடிந்ததும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். கட்டுப்படுத்த நினைக்கும் துணைவர் கையில் அதுவே உளவுக் கருவியாகிவிடும்.