‘வந்துட்டேன்’ என்றால் எங்கே இருக்கிறார்?

கேள்வி: என் கணவருக்கு அம்பத்தூரில் வேலை, வீடு தாம்பரத்தில். சாயங்காலம் போன் செய்தால் “இதோ வந்துட்டேன்” என்பார். நம்பி தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். போன வாரம், நாலாவது படிக்கும் மகன் “அப்பா தினமும் பொய் சொல்றாரும்மா” என்றான். சுருக்கென்றது. அன்று ராத்திரி “என்ன கோபமா?” என்று அவர் கேட்டார். “ஒண்ணுமில்ல” என்றேன். அவர் பாட்டுக்கு டி.வி. பார்க்கப் போய்விட்டார். அவர் சொல்வது பொய்தானே?
— தாம்பரம் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதல் வேலையாக அந்த அடுப்பை அணையுங்கள். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபிறகு கல்லைப் போட்டால் போதும்.

உங்கள் வீட்டு வழக்கு தொல்காப்பியர் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. நடக்கப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் நடந்து முடிந்ததைப் போலச் சொன்னால், அது விரைவைக் காட்டுவது என்று தொல்காப்பியத்தில் வினைச்சொற்களைப் பேசும் வினையியலில் ஒரு சூத்திரம் உண்டு. அதற்கு உரை எழுதிய சேனாவரையர் காட்டும் காட்சியைப் பாருங்கள். கூடப் புறப்பட வேண்டியவர் அவசரத்தில், “இன்னும் சாப்பிடலையா?” என்கிறார். இன்னும் சோற்றில் கை வைக்காதவரும் சரி, பாதி சாப்பாட்டில் இருப்பவரும் சரி, சொல்லும் பதில் ஒன்றுதான்: “உண்டேன், போந்தேன்.” சாப்பிட்டாச்சு, கிளம்பியாச்சு! நன்னூலும் இதை ஏற்கிறது. விரைவு கருதினால் காலம் பிறழலாம் என்கிறது.

ஹோட்டலில் காலிக் கையோடு நம்மைத் தாண்டிப் போகும் சர்வர் “தோசை வந்துருச்சு சார்” என்கிறார். அவரை யாராவது பொய்யர் என்றோமா? ‘மறக்கவில்லை, அடுத்தது உங்களுக்குத்தான்’ என்று நாமே புரிந்துகொள்கிறோம். “வந்துட்டேன்” என்பதும் அந்த ஜாதிதான். அது இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை, அவசரத்தைச் சொல்கிறது.

இதோடு உங்கள் கணவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. சேனாவரையர் காட்டும் காட்சியில் கேள்வி கேட்டவர் கண்ணெதிரே நிற்கிறார், மற்றவர் சாப்பிடாதது அவருக்கே தெரிகிறது. அதனால்தான் அந்த “உண்டேன்” அவரை ஏமாற்றவில்லை. சர்வரின் கையும் நமக்குத் தெரிகிறது. போனில் உங்களுக்கு என்ன தெரியும்? அவர் லிஃப்டில் இருக்கிறாரா, கோயம்பேட்டில் மாட்டிக்கொண்டாரா, இன்னும் நாற்காலியைவிட்டு எழவே இல்லையா? எதுவுமே தெரியாமல் மாவைக் கரைத்துக்கொண்டிருப்பவரிடம் அதே சொல் வேறு வேலை செய்துவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஏமாந்தது நிஜம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் நடக்கிறது.

ஒரு கோடு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு “கிண்டி தாண்டிட்டேன்” என்றால் அது சுத்தப் பொய். அதற்குத் தொல்காப்பியரிடம் ஜாமீன் கிடையாது. ஆகவே “வந்துட்டீங்களா?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. “கத்திப்பாரா தாண்டினதும் ஒரு போன் பண்ணுங்க, மாவு ஊத்தறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் “ஒண்ணுமில்ல”வுக்கு வருவோம். அதற்கு நீங்கள் வைத்திருந்த அர்த்தம் ‘நிறைய இருக்கிறது, உட்கார்ந்து கேளுங்கள்’. முகத்தைப் பார்த்தவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும்தான். அவர் அகராதிப்படி எடுத்துக்கொண்டு டி.வி. பக்கம் போய்விட்டார். அவருடைய “வந்துட்டேன்”ஐ நீங்கள் எழுத்துக்கு எழுத்து நம்பினீர்கள், உங்கள் “ஒண்ணுமில்ல”வை அவர் அப்படியே நம்பினார். கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். சொல்லவில்லை.

மகனிடம் “அப்பா பொய் சொல்லலடா, அவசரத்தைச் சொல்றார்” என்று விளக்குங்கள், நாலாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியும். ஆனால் அவன் “ஹோம்வொர்க் முடிச்சுட்டேன்மா” என்றால் மட்டும் நோட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.