புள்ளியெல்லாம் வெள்ளைப்புள்ளி நோய் இல்லை

மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, ‘என்ன மருந்து ஊற்றலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கும். என்ன நோய் என்று கேட்பவர்கள் குறைவு. கொளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சிமென்ட் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறோம். மீன் சோர்ந்தால் நான் முதலில் எடுப்பது டார்ச்சும் பூதக்கண்ணாடியும்தான். மருந்து பாட்டில் அப்புறம்.

எங்கள் கோல்ட் ஃபிஷ் ஒன்றுக்குச் செவுள் மூடியில் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. நன்றாகச் சாப்பிடுகிறது. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். ஊற்றலாமா? – வாசகி, கோவை

ஊற்றாதீர்கள் அம்மா. உங்கள் மீனுக்கு ஒன்றும் இல்லை. அது ஆண், இனப்பெருக்கப் பருவத்துக்கு வந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் முள்ளிலும் இப்படிப் புள்ளிகள் எழும்பும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், அந்த இடங்களில் மட்டும் இருக்கும். வாலில், முதுகில் பரவாது. கூட இருக்கும் மீன்களில் எதையாவது அது பின்னாலேயே துரத்திக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். போனால் சந்தேகமே வேண்டாம். பருவம் முடிந்ததும் புள்ளிகள் தானாக அடங்கும்.

புதிதாக வாங்கிய கருப்பு மோலிகளை 50 லிட்டர் தொட்டியில் விட்டேன். நாலைந்து நாளில் உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. மருந்து ஊற்றியதும் இரண்டே நாளில் போய்விட்டது. நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. மருந்து போலியா? – வாசகர், சேலம்

மருந்து போலி என்று நான் நினைக்கவில்லை. புள்ளி மறைந்ததை நோய் போனதாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டீர்கள். இது நிஜமான வெள்ளைப்புள்ளி நோய். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணியால் வருவது. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. அங்கே இருக்கும்வரை எந்தத் தொட்டி மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்து முடித்ததும் தானாகவே மீனை விட்டு உதிர்ந்து, அடிமணலிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டுக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் குஞ்சுகள் வெளியே வந்து நீந்தும்போதுதான் மருந்தும் உப்பும் அவற்றைக் கொல்லும். இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவையே செத்துவிடும். நீங்கள் பார்த்த ‘குணம்’, புள்ளிகள் உதிர்ந்த நேரம். அதாவது அவை பெருகப் போன நேரம்.

25 டிகிரி வாக்கில் இந்தச் சுற்று முடிய ஒரு வாரம் ஆகும். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். அதனால் உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது இது. ஹீட்டர் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலும் இந்த ஒட்டுண்ணியால் பெருக முடியாது. சுடுதண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆகவே ஏரேட்டர் ராத்திரியும் பகலும் ஓடவேண்டும். கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம், உங்கள் தொட்டிக்கு 100 கிராம். தனியாகக் கரைத்து, ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகச் சேருங்கள். மோலி உப்பைத் தாராளமாகத் தாங்கும். டெட்ராவோ, அடியில் மேயும் கோரிடோராஸோ, செடியோ இருந்தால் அளவைப் பாதியாகக் குறையுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இரண்டு வாரம் சூடும் உப்பும் அப்படியே இருக்கட்டும். இடையில் தண்ணீர் மாற்றினால், எடுத்த தண்ணீருக்குண்டான உப்பை மட்டும் திரும்பப் போடுங்கள்.

இந்த மாதத்தில் இது அதிகம் வருவதற்குக் காரணம், பகலுக்கும் விடியற்காலைக்கும் தண்ணீரின் சூடு ஏறி இறங்குவதுதான். அதில் மீனின் எதிர்ப்புசக்தி குறைகிறது. நாங்கள் சாயங்காலமே தொட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். ஏசி அறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க மார்கழிதான், அவர்களுக்கு ஹீட்டர் கட்டாயம். புது மீனை மூன்று வாரமாவது தனி டப்பில் வைத்துப் பார்க்காமல் பழைய மீன்களோடு விடவே கூடாது. இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

அக்கா, நான் ஏழாவது படிக்கிறேன். பிறந்தநாளுக்குத் தொட்டியும் ஐந்து கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கித் தந்தார்கள். மூன்று செத்துவிட்டன. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாராவாரம் தண்ணீர் முழுவதையும் மாற்றி, ஃபில்டரையும் குழாயில் கழுவுகிறேன். தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கிறது. – மாணவன், ஈரோடு

தம்பி, நீ மீனை அக்கறையாகத்தான் பார்த்துக்கொள்கிறாய். சரியான முறையை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியா விடும். அதற்கு நிறம் கிடையாது, பளிச்சென்ற தண்ணீரிலும் விஷமாக இருக்கும். அதை விஷம் குறைந்த பொருளாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒவ்வொரு தடவையும் அவற்றைக் கொன்றுவிடுகிறது.

இன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த தண்ணீரை ஊற்று. தினமும் அப்படியே செய். இரண்டு நாள் தீனி வேண்டாம், மீன் பசியால் சாகாது. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து போடு. வீட்டில் போர் தண்ணீர் என்றால் அப்பாவிடம் சொல்லி அமோனியாவும் பி.எச்.சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கச் சொல். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால் அதே அமோனியாவில் விஷமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகிவிடும். இருக்கும் இரண்டையும் காப்பாற்று. இப்போதைக்குப் புது மீன் வாங்காதே.

கப்பி மீன்களுக்கு வாயைச் சுற்றி வெள்ளையாக நார் படர்ந்திருக்கிறது, முதுகில் சாம்பல் பட்டை. பூஞ்சை என்று நினைத்து ஹீட்டர் போட்டேன், மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துப் போட்டேன். ஒரே ராத்திரியில் பாதி போய்விட்டன. – வாசகர், திருநெல்வேலி

முதலில் ஹீட்டரை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் வாயும் முதுகுப் பட்டையும் பூஞ்சையைவிட காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய்க்குத்தான் பொருந்துகின்றன. மோலிக்கு மேலே நான் சொன்ன சூடு, இங்கே எமன். வெப்பம் ஏற ஏற இது வேகமாகக் கொல்லும். தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். கேப்ஸ்யூலும் வேண்டாம். கால்சியம் மிகுந்த கடினத் தண்ணீரில் டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு சேர்ந்து வீரியம் இழந்துவிடும். மீனுக்குப் பிரயோஜனம் இல்லாமல், ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும் வாய்ப்புதான் மிச்சம். நோய் தெரியும் மீன்களை உடனே தனி டப்பில், லிட்டருக்கு 2 கிராம் உப்போடு, நல்ல காற்றோட்டத்தில் விடுங்கள். ஒரே வலையை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

உங்களுக்குத் தூத்துக்குடி பக்கம்தான். அங்கே 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீன் நோய்ப் பிரிவில் விசாரித்துவிட்டுப் போங்கள். செத்துப் பல மணி நேரமான மீனில் எது நோய், எது அழுகல் என்று பிரிப்பது கஷ்டம். நோயுள்ள மீனை உயிரோடு ஆக்சிஜன் பையிலும், தொட்டித் தண்ணீரைத் தனி பாட்டிலிலும் எடுத்துப் போங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.