22 கிலோ, 11 பொட்டலம்: ஏற்காட்டு வாசகருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

நான் ஏற்காட்டில் இருக்கிறேன். என் தம்பி சரக்கு வேன் டிரைவர், வண்டி இன்னொருவருடையது. 2023இல் சேலத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும்போது ராத்திரி அடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். உர மூட்டைகளுக்கு அடியில் இருந்த ஒரு சாக்கில் 11 பொட்டலம் கஞ்சா, மொத்தம் 22 கிலோ என்று வழக்கு. முன்கூட்டியே தகவல் வந்து காத்திருந்ததாகச் சாட்சி சொன்னார்கள். போன மாதம் சேலம் சிறப்பு நீதிமன்றத்தில் 10 வருஷம் தண்டனை, 1 லட்சம் அபராதம், கட்டாவிட்டால் இன்னும் 1 வருஷம் என்று தீர்ப்பு. சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். "உடம்பைச் சோதனை போடும்போது மாஜிஸ்திரேட் வேண்டுமா என்று கேட்கவில்லை, அது போதும், விடுதலைதான்" என்கிறார் ஒருவர். "அப்பீல் போட்டால் பாதியாகக் குறைப்பார்கள், நன்னடத்தைக் கழிவும் சேர்த்தால் நாலு வருஷத்தில் வந்துவிடுவான்" என்கிறார் இன்னொருவர். அபராதம் கட்டினால்தான் அப்பீல் எடுப்பார்களா? எங்கே போவது, எதை முதலில் செய்வது?

— பெயர் வெளியிட வேண்டாம், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

நாள் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் உண்டு. சேலம் மாவட்டம் சென்னை அமர்வின் கீழ் வருகிறது, மதுரைக் கிளைக்குப் போக வேண்டாம். தீர்ப்பின் சான்று நகலுக்கு மனு போட்டு அது கையில் வரும்வரை ஆகும் நாட்கள் அந்த 60இல் சேராது. ஆனால் நகல் மனுவே போடாமல் இருந்தால் இந்தச் சலுகையால் பயனில்லை. தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகத் தர வேண்டும். தம்பிக்குக் கொடுத்திருப்பார்கள், வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கூடவே சாட்சிகளின் வாக்குமூலங்கள், பறிமுதல் மகஜர் (பொருளை எடுத்தபோது எழுதிய பதிவு), ஆய்வக அறிக்கை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆவது பிரிவில் தம்பியிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும், எல்லாவற்றுக்கும் நகல் மனு போடுங்கள். அபராதம் கட்டாமலேயே மேல்முறையீடு செய்யலாம். அபராதத்தையும் நிறுத்திவைக்கச் சொல்லி மனுவில் தனியாகக் கேட்க வேண்டும். 60 நாள் தாண்டிவிட்டாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு தாக்கல் செய்யலாம். ஆனால் அந்த நிலைக்கு விடாதீர்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு நம்பிக்கைகளுமே பலவீனமானவை. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் இவற்றை நம்பி மனு எழுதினால் நல்ல வாதங்கள் அடியில் புதைந்துவிடும்.

சோதனைக்கு முன் கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும் என்கிற, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 50ஆவது பிரிவு, ஆளின் உடம்பைச் சோதிப்பதற்கு மட்டுமே. பைக்கும் வண்டிக்கும் அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் பவன்குமார் வழக்கில் சொன்னது. 2019இல் பல்ஜிந்தர் சிங் வழக்கில் இன்னும் நேராகவே சொல்லிவிட்டது: உடம்புச் சோதனையில் 50ஆவது பிரிவு மீறப்பட்டிருந்தாலும், வண்டியில் எடுத்த பொருளை அது பாதிக்காது. உங்கள் தம்பியின் சட்டைப் பையில் எதுவும் எடுக்கப்படவில்லை, சாக்கில்தான் எடுத்தார்கள். அந்தக் கதவு மூடியிருக்கிறது.

தண்டனைக் குறைப்பும் அப்படித்தான். கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 வருஷமும் 1 லட்சமும். குடும்ப நிலை, முதல் குற்றம், வயதான அம்மா என்று எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே உயர் நீதிமன்றம் இறங்க முடியாது. நன்னடத்தைக் கழிவையும் இந்தச் சட்டத்தின் 32ஏ பிரிவு தடுக்கிறது. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் மட்டுமே கழியும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கழிவு எழுதப்பட்டிருக்கிறதா, கைதான தேதியிலிருந்து கணக்கா என்று பாருங்கள். நாலு வருஷக் கணக்கைச் சொன்னவர் மற்ற வழக்குகளின் கணக்கை இங்கே போட்டிருக்கிறார்.

ஆனால் 20 கிலோவும் அதற்குக் கீழும் என்றால் நிலைமை அடியோடு மாறும். அங்கே தண்டனை 10 வருஷம் வரை, குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. ஏற்கெனவே கழித்த காலமே போதும் என்று நீதிமன்றம் முடிக்கவும் வழி உண்டு. இந்த வழக்கின் உயிர்நிலை அந்த 2 கிலோ. மனுவில் முதலில் நிற்க வேண்டியதும் அதுதான்.

பறிமுதல் மகஜரை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். 22 கிலோ என்பது சாக்கோடு நிறுத்ததா, சாக்கை நீக்கியா, பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையும் டேப்பும் சேர்ந்ததா? 50 கிலோ பிடிக்கும் சணல் சாக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். உறைகளையும் சேர்த்தால் ஒன்று, ஒன்றரைக் கிலோ தேறலாம். அது மட்டும் 2 கிலோவை இறக்கிவிடாது என்பதால் அதை மட்டும் வைத்து வாதாடாதீர்கள். பூவோடு சேராத இலையும் விதையும் சட்டப்படி கஞ்சா ஆகாது. ஆனால் பூவோடு கலந்திருந்தால் எடையில் சேரும். தனியாக இருந்த இலை, காம்பு பற்றி மகஜரிலோ குறுக்கு விசாரணையிலோ ஒரு வரி இருந்தால் அது பயன்படும்.

அதைவிட வலுவானது மாதிரி எடுத்த விதம். 11 பொட்டலம், ஒவ்வொன்றும் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பொட்டலத்திலிருந்து மாதிரி போனது? ஒன்பதிலிருந்து மட்டும் என்றால், கஞ்சா என்று ஆய்வகம் உறுதிசெய்தது 18 கிலோவைத்தான். பரிசோதிக்காத துண்டை எடையில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் கோவா வழக்கு ஒன்றில் சரஸ் (கஞ்சாப் பிசின்) விஷயத்தில் சொல்லியிருக்கிறது. அரசுத் தரப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும். 2022 டிசம்பரில் வந்த விதிகளில், ஒரே மாதிரியான கஞ்சாப் பொட்டலங்களை 40 வரை ஒரு தொகுதியாகக் கட்டி மாதிரி எடுக்கலாம். அதற்கு அளவும் எடையும் குறியும் ஒன்றுபோல இருக்க வேண்டும், களப் பரிசோதனையில் ஒவ்வொரு பொட்டலமும் ஒரே முடிவைக் காட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்ததாக ஆவணத்தில் எழுதியிருக்கிறதா என்பதே கேள்வி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி ஒரு பிடி எடுத்திருந்தால், எந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

மாதிரி எங்கே எடுத்தார்கள் என்பதும் முக்கியம். 52ஏ பிரிவின்படி பட்டியல் தயாரித்து, மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்து, அவர் சான்று தர வேண்டும். சாலையோரத்திலேயே எடுத்து அனுப்புவது சட்டம் சொல்லும் வழி இல்லை என்று 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 52ஏ மீறல் ஒன்றே விடுதலை தராது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருந்தால் தண்டனை நிற்கும் என்று 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் இந்த மீறலைத் தனியாகக் காட்டாமல், பொருள் பயணம் செய்த வழியில் இருக்கும் ஓட்டைகளோடு கோத்துக் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். பறிமுதல் நேரம், நிலையத்துக்கு வந்த நேரம், சொத்துப் பதிவேட்டில் பதிந்த தேதி, படிவம் 95இல் நீதிமன்றத்துக்குப் போன தேதி, ஆய்வகத்தில் பெற்றுக்கொண்ட தேதி. இடைவெளி எங்கே விழுகிறதோ அங்கே அந்தப் பொட்டலம் யார் கையில் இருந்தது, அவர் சாட்சி சொன்னாரா? கஞ்சாவுக்கு ஒரு மாதிரி 24 கிராம். ஆய்வக அறிக்கையில் வேறு எடை இருந்தால், உறையோடு சேர்த்த எடையா என்று பாருங்கள், இல்லையென்றால் அது பெரிய முரண். முத்திரை உடையாமல் வந்ததா, மாதிரி முத்திரையோடு ஒத்திருந்ததா என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். விசாரணையில் மீதிப் பொருளை நீதிமன்றத்தில் காட்டினார்களா, அழித்திருந்தால் அதற்கான சான்று எங்கே என்றும் கேளுங்கள்.

"தகவல் வந்து காத்திருந்தோம்" என்று அவர்களே சொன்னது உங்களுக்குச் சாதகமாகலாம். 42ஆவது பிரிவின்படி அந்தத் தகவலை எழுதி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் சோதனை என்றால் அதற்கான காரணத்தையும் பதிய வேண்டும். பொது இடத்தில் பிடித்தோம், 43ஆவது பிரிவு போதும் என்று அரசுத் தரப்பு சொல்லும், அதற்குத் தீர்ப்புகளும் காட்டும். தனியார் வண்டி பொது வாகனம் ஆகாது, 42தான் பொருந்தும் என்று 2021இல் பூட்டா சிங் வழக்கில் வந்த தீர்ப்பை உங்கள் தரப்பு காட்டட்டும். 42ஐ முற்றிலும் மீறியிருந்தால்தான் இது வெல்லும். தாமதம், சின்னக் குறை என்றால் நிற்காது.

இனி, தம்பி வெறும் டிரைவர் என்பது. மனசாட்சிக்கு இதுதான் முதல் வாதம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் வண்டி அவர் கையில் இருந்தது நிரூபிக்கப்பட்டால், தெரிந்தே வைத்திருந்தார் என்று 35, 54 பிரிவுகள் அனுமானிக்கும். தெரியாது என்பதை ஐயமறக் காட்டும் சுமை அவர் மேல் விழும். மூட்டை ஏற்றியது யார், உரக்கடைப் பில் யார் பெயரில், வண்டி உரிமையாளர் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா? 313 கேள்விகளுக்குத் தம்பி என்ன பதில் சொன்னார்? "பொய்" என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்று புதிதாக ஒரு கதையை நுழைக்க முடியாது. பில்லோ டிரிப் ஷீட்டோ முன்பே இருந்து, விசாரணையில் தாக்கல் ஆகாமல் விடுபட்டிருந்தால், கூடுதல் சாட்சியம் ஏற்கக் கோரி மேல்முறையீட்டோடு மனு போடலாம். அரிதாகத்தான் ஏற்பார்கள், ஆனாலும் அந்தக் காகிதத்தைத் தேடுங்கள்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கலாம். வணிக அளவு என்பதால் 37ஆவது பிரிவின் தடை இங்கும் உண்டு. குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணமும், வெளியே வந்தால் மீண்டும் செய்யமாட்டார் என்பதும் நீதிமன்றத்துக்குத் திருப்தி ஆக வேண்டும். பொட்டலக் கணக்கில் ஓட்டை தெளிவாக இருந்தால் அதையே இந்த மனுவிலும் முன்னால் வையுங்கள். முதல் மனு தள்ளுபடியானால் மேல்முறையீடே தோற்றதாகாது.

வக்கீல் செலவு முடியவில்லை என்றால், சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள், சென்னையில் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு வக்கீல் நியமிக்கும். தம்பி சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் மேல்முறையீடு அனுப்பலாம். தனி வக்கீல் என்றால் வக்காலத்தில் தம்பியின் கையெழுத்துக்குச் சிறையில் சான்று வாங்க வேண்டும். "பேசி முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்த மனுநாளில் (சிறையில் சந்திக்க விடும் நாளில்) தம்பியைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கேட்டு அன்றே எழுதி வையுங்கள்: அன்று ராத்திரி தராசு எங்கிருந்து வந்தது, சாக்கைப் பிரித்து நிறுத்தார்களா. சாட்சிகள் இந்த இரண்டுக்கும் என்ன சொன்னார்கள் என்பதோடு அதை ஒப்பிட்டுத் தாளை வக்கீலிடம் கொடுங்கள்.