செப்சிஸ் வந்த அப்பாவுக்கு புரோகால்சிடோனின் 12 என்று வந்திருக்கிறது. பிழைப்பாரா?

ஐசியூ வாசலில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டிருப்பீர்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். செப்சிஸ் என்றால், கிருமித் தொற்றை எதிர்க்கப் போய் உடம்பே நிலைதடுமாறி உறுப்புகள் கெடுவது. புரோகால்சிடோனின், பாக்டீரியா தொற்று கடுமையானால் ரத்தத்தில் ஏறும் ஒரு பொருள். 12 பெரிய எண்தான், மறைப்பதற்கில்லை. 2-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். ஆனால் எங்கள் அப்பாவுக்கு 34 இருந்தது. இப்போது காங்கேயம் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு இருபது வருஷச் சர்க்கரை. காலில் வெள்வேல முள் ஏறியது, மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் ராத்திரி குளிர் நடுக்கம். என்னைப் பார்த்து, செத்துப்போன பெரியப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காய்ச்சலில் பிதற்றுகிறார், விடியட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த ஆறு மணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

கோவையில் சேர்த்தோம். முதல் ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் 3,100. “கிருமி இருந்தா ஏறியிருக்கோணும் மாப்ளே, இது கம்மியாத்தான இருக்குது” என்று மச்சான் தைரியம் சொன்னார். டியூட்டி டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு, “4,000-க்குக் கீழ போறதுதாங்க இன்னும் பயம். உடம்பு அணுக்களை அனுப்பி அனுப்பி ஓஞ்சு போச்சுன்னு அர்த்தம்” என்றார். உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாதபோது ஏறும் லாக்டேட் 4.8, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 68,000. இரண்டுமே மோசம். அப்புறம் கட்டிலுக்கு அடியில் தொங்கிய மூத்திரப் பையைக் காட்டி, “நீங்க இதைப் பாருங்க, கிட்னி வேலை செய்யுதான்னு இதுல தெரியும்” என்றார். ராத்திரி முழுக்கச் சேர்ந்தது டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு விரற்கடை.

புரோகால்சிடோனின் அடுத்தடுத்த நாளில் 19, 8 என்று இறங்கியது. மருந்து பிடித்துவிட்டால் நாளுக்குப் பாதியாகக் குறையுமாம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி மட்டும் 280-ஐ விட்டு அசையவில்லை, அது மெதுவாக இறங்கும் ரகம். மூன்றாம் நாள் காலையில் பை பாதி நிறைந்திருந்தது. மூத்திரத்தைப் பார்த்து அழுதவன் நானாகத்தான் இருப்பேன். நீங்களும் 12-ஐயே பார்த்துக்கொண்டிருக்காமல், நேற்று எவ்வளவு, பிரஷர் ஏற்றும் மருந்தைக் குறைத்தார்களா, மூத்திரம் போகிறதா என்று கேளுங்கள்.

“நீ என்ன டாக்டரா?” என்று சிலர் வருவீர்கள். இல்லைங்க, தறி ஓட்டுகிறவன். கிட்னி கெட்டிருந்தாலும், பெரிய ஆபரேஷன் நடந்திருந்தாலும் இந்த எண் ஏறும் என்பது எனக்கும் தெரியும். முகம் பார்க்காத மனிதரைப் பிழைப்பார் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

அந்த முள் எங்கிருந்து வந்தது தெரியுமா? பங்காளி எங்கள் தடத்தை மறித்துப் போட்ட முள். அதை இழுத்துப் போடப் போய்த்தான் காலில் ஏறியது. 108 வண்டி வீடுவரை வர வழியில்லாமல் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதே பங்காளி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஐசியூ வாசலுக்கு வந்து, “அண்ணன் எப்படி இருக்கறாரு?” என்றார். அதே மூச்சில், “சர்வேயர் எப்ப வர்றாராம்?”

பழத்தை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டேன்.