மழைக்கு முன் ஒரு பேக்கப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கோத்தகிரியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஐந்து வருடக் கல்யாணப் படங்கள், மொத்தம் ஒன்றரை டிபி (1,500 ஜிபி), கடைக் கம்ப்யூட்டரில் ஒரே டிஸ்கில் கிடக்கின்றன. 2 டிபி கிளவுட் (இணையச் சேமிப்பு) மாதம் 650 ரூபாய் என்கிறார்கள். அது போதுமா, இல்லை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா?

பதில்: முதலில் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், அதுவும் இரண்டு. கிளவுட் அதற்கப்புறம், சின்ன அளவில் போதும்.

மாதக் கட்டணத்தைவிட அப்லோடு வேகம்தான் இதில் பெரிய தடை. இணைப்பு விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். நீங்கள் கேட்க வேண்டியது அப்லோடு எவ்வளவு என்று. கடையில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அது 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) என்றால், ஒன்றரை டிபி ஏறி முடிய ஏறக்குறைய 14 நாள் ஆகும். இரவு பகலாக, கரண்ட் போகாமல், கேபிள் அறாமல் 14 நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து லைன் போகிற ஊரில் அதை நம்பி உட்கார முடியாது. ஒரே ஒரு கல்யாணத்தின் 60 ஜிபி ஏறவே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். திருப்பி எடுக்கும்போதும் இதே காத்திருப்பு இருக்கிறது. டவுன்லோடு சற்று வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

ஆகவே 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே நாள், ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் படுக்கும். வேறு வேறு கம்பெனியில் வாங்குவது நல்லது. ஒன்று கடையில், மற்றது வீட்டில், இல்லையென்றால் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். வாரம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் தீ, திருட்டு, மண்சரிவு, கூரை ஒழுக்கு எது வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வேண்டாமா என்று கடைக்காரர் கேட்பார். தினமும் எடிட் செய்யும் வேலைக்கு எஸ்எஸ்டி அருமையானது. கரண்ட் இல்லாமல் பீரோவில் கிடக்கப்போகிற காப்பிக்கு ஹார்ட் டிஸ்க்தான் ஏற்றது. எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. நீண்ட நாள் மின்சாரம் தொடாமல் இருந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். பென் டிரைவும் அதே ரகம், தரம் இன்னும் குறைவு.

காப்பி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் அங்கும் இங்கும் பாதி பாதியாக நிற்கும். எப்போதும் 'காப்பி'. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டிஸ்கை என்டிஎஃப்எஸ் முறையில் பார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் முறையில், எழுதும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் என்ற குறிப்பேடு கிடையாது, திடீர் கரண்ட் கட்டில் டிஸ்க் முழுவதும் படிக்க முடியாமல் போக அதிக வாய்ப்பு உண்டு. மேக் கம்ப்யூட்டரிலும் எழுத வேண்டும் என்றால்தான் எக்ஸ்ஃபேட். டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம். அது தரும் சில நிமிடங்கள் வேலையைத் தொடர்வதற்கானவை அல்ல, சேவ் செய்து ஒழுங்காக அணைப்பதற்கு.

வாரா வாரம் எது புதியது என்று கையால் தேட வேண்டாம். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் ஒப்பிட்டுப் புதியதை மட்டும் அனுப்பும். அதில் 'அப்டேட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'மிரர்' போட்டால், கம்ப்யூட்டரில் தவறி அழித்த படம் பேக்கப்பிலும் அழியும். கேமரா மெமரி கார்டை, இரண்டு இடத்தில் படம் சேர்ந்ததைத் திறந்து பார்த்த பிறகே பார்மேட் செய்யுங்கள்.

மலையில் இன்னொரு பகை ஈரம். லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஈரம் டிஸ்கின் கனெக்டரையும் அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் ஜெல்லை மாற்றுங்கள். மார்கழிக் குளிரில் வண்டியில் கொண்டு வந்த டிஸ்கை, ஹீட்டர் ஓடும் அறைக்குள் நுழைந்ததும் சொருகாதீர்கள். சில்லிட்ட உலோகத்தில் நீர் முத்துமுத்தாகப் படியும். பையிலேயே ஒரு மணி நேரம் விட்டு, பிறகு இணையுங்கள்.

இனி கிளவுட். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்து முடித்த 300 படம், ஒன்று 10 எம்பி என்றால் 3 ஜிபி. அதே 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 40 நிமிடத்தில் ஏறிவிடும். அத்துடன் கணக்கு, ஆர்டர் விவரம், வாடிக்கையாளர் பட்டியல். இதற்கு 100 ஜிபி திட்டமே நெடுநாள் தாங்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போடுகின்றன. அது நிரம்பினால் வாடிக்கையாளர் அனுப்பும் மெயிலும் உள்ளே வராது. அதனால் கடைக்கு ஒரு தனிக் கணக்கு வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கல்யாண போல்டரை பேக்கப் டிஸ்கிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்கு இறக்கி, படங்களைத் திறந்து பாருங்கள். டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'குட்' என்பதற்குப் பதிலாக மஞ்சளில் 'காஷன்' காட்டினால் அன்றே புது டிஸ்க் வாங்கிக் காப்பியைத் தொடங்குங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்பச் சொருகினால் மீட்கக்கூடியதும் மீளாது. வாரன்டி என்பது டிஸ்குக்குப் பதில் டிஸ்க் தருவது மட்டும்தான். உள்ளே இருந்த படத்துக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்பதில்லை.

கேள்வி: 1 டிபி என்று வாங்கிய டிஸ்கில் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா? (குன்னூர் வாசகர்)

பதில்: 931 சரியான கணக்கு. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. டிஸ்கில் குறை ஒன்றுமில்லை.

1,500 ரூபாய் 16 டிபி முழு மோசடி. உள்ளே சிறிய மெமரி இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கண்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். காப்பி செய்யும்போது எல்லாம் ஏறியது போலவே தெரியும். நிஜக் கொள்ளளவு தாண்டியதும் பழைய படத்தின் மேலேயே புதியது எழுதப்படும், திறக்கும்போதுதான் தெரியவரும். எந்தப் புது டிரைவையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்குக்கு எழுத மூன்று மணி, படிக்க மூன்று மணி ஆகலாம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கேள்வி: பந்தலூர் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். வீட்டில் வைபை உண்டு, மொபைல் சிக்னல் இல்லை. ஓடிபி வாங்க ரோடு வரை நடக்க வேண்டும், வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. டூ-ஸ்டெப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சோதனை) எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். எஸ்எம்எஸ் வழியை மட்டும் மாற்றுங்கள்.

கூகுள் ஆதன்டிகேட்டர் போன்ற செயலிக்கு சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். கூகுள் கணக்கில் செக்யூரிட்டி, அதற்குள் 2-ஸ்டெப் வெரிபிகேஷன், அதற்குள் ஆதன்டிகேட்டர் என்று போய், கம்ப்யூட்டரில் காட்டும் கியூஆர் கட்டத்தை போனால் ஸ்கேன் செய்யுங்கள். 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் மாறிக்கொண்டே இருக்கும். எண்ணைப் போட்டும் 'தவறு' என்று வந்தால், பெரும்பாலும் போன் கடிகாரம் பிசகியிருக்கும். நேரத்தை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

அதே பக்கத்தில் 'பேக்கப் கோட்ஸ்' என்று பத்து எண்கள் கிடைக்கும். தாளில் எழுதி ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரே தடவை செல்லும். போன் மழையில் நனைந்து செத்துப்போனால் உங்களை உள்ளே விடுவது இந்தத் தாள்தான். போனிலேயே ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பதில் பயனில்லை.

வங்கி ஓடிபிக்குப் பெரும்பாலும் இந்த வழி கிடையாது. போன் செட்டிங்கில் 'வைபை காலிங்' இருக்கிறதா பாருங்கள். போனும் சிம் கம்பெனியும் இரண்டுமே அதற்கு இடம் கொடுத்தால் அழைப்பு வீட்டு வைபையில் வரும், பெரும்பாலும் எஸ்எம்எஸும் வரும். புது போன் வாங்கும் முன் அந்த மாடலுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மறக்கக் கூடாது: ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பயன்பாடின்றி விட்ட நம்பர் துண்டிக்கப்படலாம், பிறகு வேறொருவர் கைக்குப் போகும். பழைய நம்பர் எந்தெந்தக் கணக்கில் இருக்கிறதோ அதையெல்லாம் முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். புக்கிங் தளங்கள், ஜிமெயில், வைபை எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, வேலை செய்யும் பையன்களுக்கும் தெரியும். விருந்தினர் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குகிறோம். இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. ஜிமெயில் கையில் இருந்தால் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தி உங்கள் புக்கிங் கணக்கு ஒவ்வொன்றையும் திறந்துவிடலாம், பணம் வரும் வங்கி எண்ணையும் மாற்றலாம். எனவே இன்று ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றி டூ-ஸ்டெப் போடுங்கள், மற்றவை நாளைக்கு.

நினைவில் வைக்க ஒன்று போதும். பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரின் இலவசத் திட்டமே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை போனும் தாங்கும். அதற்கான முதன்மைப் பாஸ்வேர்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியதாக இருக்கட்டும். 'குறிஞ்சி2018' மாதிரி ஊர்ப் பெருமையும் ஆண்டும் சேர்ந்தது வேண்டாம். உங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்தவர் முதலில் போட்டுப் பார்ப்பது அதுதான். முதன்மைப் பாஸ்வேர்டு மறந்தால் அந்தக் கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

வைபையில் 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகப் போட்டு, அந்தப் பாஸ்வேர்டை மட்டும் விருந்தினருக்குச் சொல்லுங்கள். கேமரா, அலுவலகக் கம்ப்யூட்டர் வேறு நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

ஆதார் விஷயம்தான் எங்களுக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படம் பையனின் போன் கேலரியில் தானாக விழும். அந்த கேலரி போல்டருக்கு போட்டோஸ் பேக்கப் போட்டிருந்தால் அவன் சொந்தக் கணக்கிலும் ஏறும். அவன் வேலையை விட்டுப் போன பிறகும் உங்கள் விருந்தினரின் ஆதார் அவனிடம் கிடக்கும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கேளுங்கள். ஓட்டுநர் உரிமமும் போதும். நேரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரப் படிவத்தை (முன்பு சி படிவம்) 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் போட வேண்டும், அதை அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும் செய்யுங்கள். ஏற்கெனவே வந்த படங்களை வாட்ஸ்அப், கேலரி, போட்டோஸ், அதன் 'பின்' (அழித்தவை தங்கும் குப்பைத் தொட்டி) நான்கிலும் அழிக்க வேண்டும். பேக்கப் ஆன படம் பின்னில் 60 நாள் வரை இருக்கும். யாராவது வேலையை விட்டால் அன்றைக்கே கூகுள் கணக்கின் 'யுவர் டிவைசஸ்' பக்கத்தில் அவர் போனை 'சைன் அவுட்' செய்யுங்கள். பணம் பறிபோனதாகத் தெரிந்தால் வங்கிக்குப் போகும் முன்பே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு.