அந்துப்பூச்சியின் பெயர் தெரிய எதை வாங்குவது?

கேள்வி: வாசல் விளக்கைச் சுற்றி ராத்திரியில் விதவிதமான அந்துப்பூச்சிகள் வருகின்றன. என்ன வகை என்று தெரிந்துகொள்ள ஆசை. யூவி (புற ஊதா) விளக்கு, கேமரா, புத்தகம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதலில் எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். வாசல் விளக்கும் கையில் இருக்கும் போனுமே சில மாதங்களுக்குத் தாராளம். அடையாளம் காண்பதில் முக்கால்வாசி வேலை படத்தில்தான் இருக்கிறது: பூச்சி உட்கார்ந்திருக்கும்போது நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெரிகிற மாதிரி ஒன்று, அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேல். இறக்கையை எப்படி வைத்துக்கொண்டு உட்காருகிறது என்பதே பெரிய துப்பு, அதனால் தொட்டுப் பறக்க விடாதீர்கள்.

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடமும் தேதியும் சரியாகக் கொடுத்துப் போடுங்கள், அது இலவசம். செயலி தானாகச் சொல்லும் பெயரை உடனே நம்பிவிடாதீர்கள், குடும்பம் வரை பெரும்பாலும் சரியாக வரும், இனம் என்று வரும்போது அடிக்கடி தவறும். அந்தச் செயலியில் இருக்கும், பூச்சிகளைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பார்த்து உறுதிசெய்யும் வரை பொறுங்கள். உலகத்தில் சுமார் 1,60,000 வகை அந்துப்பூச்சிகள், அதில் பலவற்றை உடலுறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். படத்தை வைத்து எல்லாவற்றுக்கும் பெயர் கிடைக்காது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சரி, காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னதைக் கிட்டத்தில் பெரிதாகப் படமெடுக்க உதவும் லென்ஸ். சின்னப் பூச்சிகளுக்கு அது இல்லாமல் முடியாது. அப்புறம்தான் பூச்சிகளை இழுக்க யூவி விளக்கு, அதிலும் அலைநீளம் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் டார்ச் பலவும் 395 நானோமீட்டர், ஊதா வெளிச்சம்தான் அதிகம் தெரியும். 365-ஐ ஒட்டியதாக, ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக ஒளி தரும் பல்பாக இருக்கட்டும். பூச்சிகள் வந்து உட்கார பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும், ஆனால் விளக்கை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல். கொசு அடிக்கும் மின்விளக்கிலும் யூவி உண்டு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வந்ததையெல்லாம் கொன்றுவிடும். பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்து, துணியை மெதுவாக உதறிவிடுங்கள். விடியும்வரை அப்படியே விட்டால் பறவைகள் வந்து கொத்தித் தின்றுவிடும்.

புத்தகம் கடைசியில். உங்கள் பகுதிக்கென்றே எழுதியதா என்று பாருங்கள். ஊசி குத்தி இறக்கை விரித்த படங்கள் மட்டும் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள், சுவரில் உயிரோடு உட்கார்ந்திருப்பதை அதோடு ஒப்பிடுவது ரொம்பக் கஷ்டம்.